புதுப்பிப்பு: அலைச்சறுக்குப் போட்டியில் கலந்துகொண்டேன்

இரண்டே ஆண்டுப் பழக்கத்துடன், குளச்சலுக்கு அருகே நடக்கும் உள்ளூர் அலைச்சறுக்குப் போட்டியில் சேரலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். சேர்ந்தேன், முதல் சுற்றிலேயே வெளியேறினேன். பிடிக்கும் அலைகளில் சிறந்த இரண்டு மட்டுமே, ஒவ்வொன்றும் 10 மதிப்பெண்ணுக்கு என, கணக்கில் வரும் என்பதை நன்றாக அறிந்திருந்தும், பதற்றத்தில் வந்த சிற்றலைகளையெல்லாம் துரத்திக் கைகளால் துழாவித் துழாவித் தோள் சோர்ந்துபோனேன். அதைவிடப் பெரிய பிழை, அலை உடையத் தொடங்கும் இடத்திற்கு மிக அருகில் இருந்தவருக்கே முன்னுரிமை என்பதைக் கவனியாமல் அவர் பாதையில் எழுந்து நின்றது. மதிப்பெண் குறைக்கப்பட்டது நியாயமே. கரைக்கு வந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அலைகள் கூட்டமாக வந்து பின் ஓய்வதைக் கரையிலிருந்தே எண்ணிப் பார்த்துவிட்டு இறங்கும்படி மீனவப் பெரியவர் ஒருவர் சொன்னார். இப்போது தினமும் காலையில் அதைத்தான் பழகுகிறேன். முன்னறிகுறியின்றிக் கடல் திடீரெனப் பொங்கும் கள்ளக்கடல் பற்றிய எச்சரிக்கை உள்ள நாள்களில் மட்டும் பலகையைத் தொடுவதில்லை.