பெட்ரியை 18 வயதில் 73 ஆட்டம் ஆட விட்டது தப்பா இல்லையா?

சிவப்புநீலம்:
நேற்று ராத்திரி 2021 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துப் போட்டி) அரையிறுதியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வெம்ப்ளி, இத்தாலிக்கு எதிராக. எதிரே ஜொர்ஜினியோ, வெராட்டி. அவர்களுக்கு நடுவில் ஸ்பெயினின் 18 வயது நடுக்களப் பையன் பெட்ரி நிற்கிறான், வழக்கமான 90 நிமிடத்தில் அவன் கொடுத்த பாஸ் ஒன்றுகூடத் தவறவில்லை. பார்க்கப் பார்க்க சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் அடுத்து என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு பார்ப்பதால் வயிற்றைப் பிசைந்தது. அந்த ஒரு 2020–21 சீசனில் அவனுடைய கிளப்பான பார்சிலோனாவுக்கு (பார்சா) 52 ஆட்டம், பிறகு யூரோவில் 6 ஆட்டம் (மூன்று எக்ஸ்ட்ரா டைமையும் சேர்த்து 630 நிமிடத்தில் அவன் வெளியே உட்கார்ந்தது ஒரே நிமிடம், சுவிட்சர்லாந்துக்கு எதிராக 119ஆவது நிமிடத்தில் எடுத்தார்கள்), பிறகு டோக்கியோ ஒலிம்பிக்கில் 6. ஸ்பெயினுக்கு ஆடின மற்ற ஆட்டங்களையும் சேர்த்தால் மொத்தம் 73. ஆகஸ்ட் 7 பிரேசிலுடன் இறுதியாட்டம், 15ஆம் தேதி ரியல் சோசியடாடுக்கு எதிராக மறுபடி முதல் பதினொருவரில். எட்டே நாள் இடைவெளி! செப்டம்பரில் பாயர்ன் ஆட்டத்தில் தொடை போனது, அந்த 2021–22 சீசன் முழுக்க பார்சாவுக்கு அவன் ஆடியது வெறும் 22 ஆட்டம். அவனுடைய மூன்று வருடங்களைப் பெரியவர்கள் சேர்ந்து தின்றுவிட்டார்கள் என்பதுதான் என் கட்சி. மறுக்கிறவர்கள் வரலாம்.

ஆறாம்நம்பர்:
நான் மறுக்கிறேன் அண்ணே. உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் 2020இல் பார்சா எந்த நிலையில் இருந்தது என்று யோசியுங்கள். பாயர்னிடம் 8–2 வாங்கி ஒரு மாதம்கூட சரியாகத் தாண்டவில்லை, கையில் காசு இல்லை, புதிதாக வந்த கோச் கூமனுக்கு ஆள் வேண்டும். லாஸ் பால்மாஸிலிருந்து, அதாவது இரண்டாம் டிவிஷனிலிருந்து, 5 மில்லியன் யூரோவுக்கு வாங்கின பையன், வேறு யாராவது கோச்சாக இருந்திருந்தால் வேறு கிளப்புக்கு லோனில் (தற்காலிகமாக) அனுப்பியிருப்பார்கள், நாம் பெயரைக்கூட மறந்திருப்போம். தினமும் மெஸ்ஸியோடு பயிற்சி, வாரம் இரண்டு ஆட்டம், அப்படித்தான் அந்த பெட்ரி உருவானான். பெஞ்சில் உட்கார வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்திருந்தால் வெம்ப்ளியில் அந்த ஆட்டத்தை நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள்.

இன்னொன்று. யூரோ, ஒலிம்பிக் இரண்டும் ஆடியது பெட்ரி மட்டும் இல்லை. உனாய் சிமோன், பாவ் டோரஸ், எரிக் கார்சியா, டானி ஓல்மோ, ஒயர்சபால் என்று இன்னும் ஐந்து பேர் போனார்கள். எல்லோருக்கும் தொடை கிழிந்ததா?

சிவப்புநீலம்:
தம்பி, அந்தப் பட்டியலை நீயே இன்னொரு தடவை பார். சிமோன் கோல்கீப்பர், அவரை எதற்குக் கணக்கில் சேர்க்கிறாய்? எரிக் கார்சியா அந்த வருடம் மான்செஸ்டர் சிட்டியில் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். பாவ் டோரஸ் சென்டர் பேக். ஒவ்வொரு ஆட்டத்திலும் திரும்பித் திரும்பி ஓடுகிற நடுக்கள ஆட்டக்காரனுக்கும் சென்டர் பேக்குக்கும் உடம்பு படுகிற பாடு ஒன்றா? அதிலும் எவ்வளவு பேருக்கு 18 வயது?

இங்கிலாந்தின் நடுக்கள ஆட்டக்காரன் வில்ஷியர் கதையும் ஞாபகம் இருக்கட்டும். 2010–11 சீசனில் ஆர்சனலுக்கு 49 ஆட்டம் ஆடினான், பார்சாவை 2–1 ஜெயித்த அந்த ராத்திரி 19 வயதில் பார்சாவின் ஷாவி, இனியெஸ்டாவுக்கு நடுவே நின்று ஆடினான், அடுத்த சீசன் முழுக்க மைதானத்துக்கே வரவில்லை. 30 வயதில் ஓய்வு. பெட்ரிக்கும் அதே வழி என்று 2023இல் நான் நிஜமாகவே பயந்தேன்.

தசைநார்:
நான் பிசியோ, பத்து வருடமாக இந்த வேலை. இரண்டு பேரும் ஆட்ட எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

ஹாம்ஸ்ட்ரிங் என்பது தொடைக்குப் பின்னால் இருக்கிற தசைகள். முழு வேகத்தில் ஓடும்போது காலை முன்னால் வீசுகிறோம் இல்லையா, அந்தக் காலை தரையில் வைக்கும் முன்னால் பிரேக் போடுவது அதுதான். தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டிய நேரம், கிழிவது பெரும்பாலும் அப்போதுதான். ஒரு தடவை கிழிந்தால் மறுபடி கிழிவதற்கான வாய்ப்பு கூடுகிறது, பழைய காயத்தைவிடப் பெரிய அபாய அறிகுறி வேறு இல்லை. நான் காலேஜ் டீமுக்கு ஆடும்போது எனக்கும் வந்தது. யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாருமே இல்லை. மூன்று வாரத்தில் வலி போய்விட்டது, அடுத்த வாரமே ஒரு டோர்னமென்ட், இறங்கச் சொன்னார்கள், இறங்கினேன், அதே இடத்தில் மறுபடி. வலி போனது வேறு, தசை தயாரானது வேறு என்று அன்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

பெட்ரியின் தொடைக் காயங்களை வரிசையாக வையுங்கள், எல்லாமே ஹாம்ஸ்ட்ரிங் இல்லை, முன்தொடைத் தசையும் உண்டு: 2021 செப்டம்பர், 2022 ஏப்ரல் ஃபிராங்க்ஃபுர்ட் ஆட்டம், 2023 பிப்ரவரி மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டம், அதே வருடம் ஆகஸ்ட், 2024 மார்ச் பில்பாவோ ஆட்டம். எனக்குத் தெரிவது முதல் சீசனின் சுமை ஒரு பாதி, அதற்குப் பிறகு அவனை எப்படித் திரும்பக் கட்டினார்கள் என்பது மறு பாதி.

ஆறாம்நம்பர்:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் சார்! புது கோச்சாக ஃபிளிக் வந்தார், ஹூலியோ டோஸ் என்ற உடற்பயிற்சி நிபுணர் வந்தார், ஜிம் வேலையே மாறியது. 2024–25இல் பார்சாவுக்கு மட்டும் 59 ஆட்டம் ஆடினான், முதல் வருடத்தைவிட அதிகம், தசைக் காயத்தால் உட்காரவே இல்லை. லீக், கோபா (ஸ்பெயினின் கோப்பைப் போட்டி), சூப்பர் கோபா மூன்றும் கைக்கு வந்தது. செவில்லில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக கோபா இறுதியில் பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்தானே முதல் கோல், அதைப் பார்த்தால் இத்தனை தடவை தொடை கிழிந்தவன் மாதிரியா இருந்தது? அப்படியென்றால் எண்ணிக்கை பிரச்சினை இல்லை, தயாரிப்புதான் பிரச்சினை. கூமனைத் திட்டுவதை நிறுத்துங்கள். ஒரே கோடையில் இரண்டு போட்டிக்கும் கூப்பிடுவது அதிகம் என்று அப்போதே வெளிப்படையாகச் சொன்னவர் அவர்.

சிவப்புநீலம்:
சொன்னார், சரி. சொல்லிவிட்டு எட்டாவது நாள் இறக்கியதும் அவர்தானே?

59 ஆட்டம் ஆடியவனுக்கு 22 வயது, பக்கத்தில் சுமையைப் பகிர்ந்துகொள்ள டி யோங் இருந்தார், கோடையில் ஒலிம்பிக்கும் இல்லை. 2024 யூரோவில்கூட காலிறுதியின் எட்டாவது நிமிடத்தில் ஜெர்மனியின் க்ரோஸ் மோதி முழங்கால் போனதால் அவனுக்கு போட்டி அங்கேயே முடிந்தது (இறங்கின ஓல்மோ கோல் அடித்தார் என்பது வேறு கதை). 22 வயதில் முடிந்ததை வைத்து 18 வயதில் செய்ததை நியாயப்படுத்தாதே.

கடைசிபெஞ்ச்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பையனுக்கே ஆட ஆசை என்பதை யாரும் பேசவில்லையே? டெனரீஃபில் டெகெஸ்டே என்ற சின்ன ஊர், தாத்தாவே அங்கே பார்சா ரசிகர் மன்றம் ஆரம்பித்தவர், வீட்டு உணவகம் முழுக்க அந்த நிறம்தான். ரியல் மாட்ரிட் சோதனைக்குக் கூப்பிட்டு வேண்டாம் என்று அனுப்பின பையன். அப்படிப்பட்டவனிடம் போய் "ஒலிம்பிக் வேண்டாம், வீட்டில் இரு" என்றால் கேட்பானா?

சிவப்புநீலம்:
கேட்க மாட்டான், அதனால்தான் பெரியவர்கள் சொல்ல வேண்டும் என்கிறேன். 18 வயதில் எனக்கும் யாராவது வேண்டாம் என்றால் கோபம்தான் வந்திருக்கும். பார்சாவின் இன்னொரு இளம் ஆட்டக்காரன் காவியைப் பாருங்கள், 2023 நவம்பரில் ஸ்பெயின் ஏற்கெனவே தகுதி பெற்ற பிறகு ஜார்ஜியாவுடன் ஆடின ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்தது. அதுவும் அவனுக்கு ஆசைதான்.

தசைநார்:
ஆறாம்நம்பர், ஒரு விஷயத்தில் உங்களோடு நான் ஒத்துப்போகவில்லை. குணமாகிவிட்டான், கணக்கு முடிந்தது என்று எழுதுகிறீர்கள். 2025 அக்டோபரில் பெர்னபேவுவில் அந்த கிளாசிகோ (ரியல் மாட்ரிட்–பார்சா ஆட்டம்), கடைசியில் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனானே, அதற்குப் பிறகு இடது தொடையில் பின்பக்கத் தசை கிழிந்திருப்பதாக அறிக்கை வந்தது. அடுத்த ஒவ்வொரு சீசனிலும் அவன் நிமிடங்களை எண்ணித்தான் ஆக வேண்டும்.

ஆறாம்நம்பர்:
எண்ணட்டும் சார், அதில் எனக்கு மறுப்பு இல்லை. என் மறுப்பு ஒன்றுதான்: அந்த முதல் வருடத்தைத் தவறு என்று மட்டும் சொல்லித் தள்ள முடியாது. இளம் ஆட்டக்காரர்களுக்கான கோபா விருதும் (Kopa, கோபா கோப்பை இல்லை) கோல்டன் பாய் விருதும் அவனுக்கு வந்தது அந்த வருடத்தால்தான்.

சிவப்புநீலம்:
விருது வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. 2022 ஏப்ரல் 3, செவில்லா ஆட்டம், முடிந்தால் இன்றைக்குப் பார். பாக்ஸுக்கு வெளியே பந்து வருகிறது, அடிக்கப் போகிற மாதிரி காலைத் தூக்குகிறான், ஒருவர் சறுக்கிக்கொண்டு போகிறார், மறுபடி தூக்குகிறான், இன்னொருவரும் விழுகிறார், அப்புறம் நிதானமாக மூலையில் வைக்கிறான். 1–0. கேம்ப் நோ எழுந்து நிற்கிறது. அதிலிருந்து பதினொன்றாவது நாள் அதே மைதானத்தில் ஃபிராங்க்ஃபுர்ட் ஆட்டம், இடைவேளைக்குப் பிறகு அவன் களத்துக்குத் திரும்பவில்லை, அந்த சீசனே அவனுக்கு அதோடு முடிந்தது. இரண்டு வீடியோவையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு வந்து பேசு தம்பி, நான் இங்கேதான் இருப்பேன்.