இந்தியன் ஆமி திரும்பிப் போன நாட்கள்: உங்கள் ஊரில் என்ன நடந்தது?

யாழ்ப்பாணத்திலிருந்து:

1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி இந்திய அமைதிப்படை வந்து இறங்கியதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அது போனதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஒரேயடியாகப் போகவில்லை. 1989 ஜூனில் ஜனாதிபதி பிரேமதாச, ஜூலை 29க்குள் வெளியேற வேண்டும் என்று கேட்டார். செப்டம்பரில்தான் இரண்டு அரசுகளும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தன. அம்பாறையில் தொடங்கி ஒவ்வொரு மாவட்டமாக விட்டுவிட்டு, 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையில் கடைசித் தொகுதி கப்பல் ஏறியது. தெற்கில் சிங்கள இடதுசாரி இயக்கமான ஜே.வி.பி.யின் கிளர்ச்சியும் அதை அடக்கும் கொலைகளும் நடந்த அதே காலம்.

எங்கள் வளவை முகாமுக்கு எடுத்திருந்தார்கள். போகிற கிழமை சென்ட்ரியில் இருந்த மண்மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, மண்ணைக் கிணற்றடியில் கொட்டி, சாக்குகளை மடித்து லொறியில் ஏற்றினார்கள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, வீட்டை நல்ல நிலையில் திரும்பப் பெற்றுக்கொண்டதாக ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். உள்ளே கதவுகள் இல்லை, யன்னல் சட்டங்களும் இல்லை, எல்லாம் விறகாகிவிட்டன. அம்மா ஒன்றும் கதைக்காமல் கையெழுத்து வைத்தார். 1987 ஒக்டோபரில் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியன் ஆமி நடத்திய சூட்டில் நோயாளிகளும் டொக்டர்மாரும் தாதிமாரும் செத்ததை அறிந்த ஊர் இது. அவர்கள் போகிறார்கள் என்றதும் சனம் மூச்சு விட்டது உண்மை. அடுத்து யார் வருவார்கள் என்ற பயமும் அதே அளவுக்கு இருந்தது.

அம்பாறைக் கரையோரத்திலிருந்து:

அண்ணா, உங்களுக்குப் போனது வீட்டுக் கதவு. எங்கள் பக்கம் போனது பிள்ளைகள்.

ஆமி வெளியேறப் போகிறது என்று தெரிந்ததும், வடக்கு-கிழக்கு மாகாண சபையைக் காப்பாற்றவென்று, அதை நடத்திய ஈ.பி.ஆர்.எல்.எஃப். இயக்கமும் கூட்டாளிகளும் தமிழ்த் தேசிய இராணுவம் ஒன்றைக் கட்டினார்கள். விரும்பிப் போனவர்கள் கொஞ்சப் பேர். மற்றவர்களை ரோட்டிலும் பஸ்ஸிலும் மறித்து ஏற்றினார்கள். பிள்ளைபிடி என்றால் இன்றைக்கும் எங்கள் அம்மாமாருக்கு அந்த 1989தான்.

என் தம்பியை ரியூஷன் முடிந்து வரும் வழியில் பிடித்தார்கள். ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அப்பா பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு முகாம் முகாமாக நடந்தார். இயக்கக்காரர், "பெரியவர்களிடம் கேளுங்கள்" என்றார்கள். இந்திய அதிகாரியோ, "அது உங்கள் ஆட்களின் வேலை, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்றார். பக்கத்துப் பக்கத்து முகாம்கள், நடுவில் ஒரு முட்கம்பி வேலி மட்டும்தான்.

வருடக் கடைசியில் எங்கள் மாவட்டத்தில் இருந்து ஆமி லொறிகள் கிளம்பின. தம்பி இருந்த முகாமில் முடி வெட்டிய தலையும் அளவில்லாத சப்பாத்துமாகப் பள்ளிப் பிள்ளைகள்தான் காவலுக்கு நின்றார்கள். புலிகள் வந்து அடித்தார்கள். தம்பி துவக்கைப் போட்டுவிட்டு, யாரோ ஒரு ஐயா கொடுத்த சாரத்தைக் கட்டிக்கொண்டு வயலுக்குள்ளால் வந்து சேர்ந்தான். அவனோடு பிடிபட்ட பக்கத்து வீட்டுப் பொடியன் வரவில்லை. கொழும்பு அரசு அந்தக் காலத்தில் புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது பிறகு வெளியே வந்தது. அந்த ஆயுதங்களுக்கு முன்னால் நிறுத்தப்பட்டவர்கள் ரியூஷன் கொப்பியோடு போன பிள்ளைகள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மன்னாரிலிருந்து:

எங்களுக்கு இடைவெளி அதிகம் இருக்கவில்லை. காலையில் அவர்கள் போனார்கள், பின்னேரம் புலிகள் சந்தியில் நின்றார்கள். 1990 ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் மறுபடி யுத்தம் தொடங்க, நாங்கள் படகேறி தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமுக்குப் போய்விட்டோம்.

தமிழ்நாட்டுத் திருநெல்வேலியிலிருந்து, அமைதிப்படையின் முன்னாள் படைவீரர்:

அம்பாறைத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு ரெண்டு நாளாக யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பையன்களைப் பிடித்தது நாங்கள் இல்லை. ஆனால் துப்பாக்கியும் பயிற்சியும் எங்கள் பக்கத்திலிருந்துதான் போயின. போர் முடியாமல் நாம் கிளம்பும்போது, நம்மை நம்பியோ நம்மால் மாட்டிக்கொண்டோ நிற்பவனுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டிருக்க வேண்டும். மேலே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தில் கடைசி நாட்களில் குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள். மாகாண சபையில் வேலை பார்த்தவர்கள், எங்களுக்கு மொழிபெயர்த்தவர்கள். முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் இந்தியா வந்துவிட்டார். இவர்களில் கொஞ்சப் பேருக்குத்தான் இடம் கிடைத்தது. கைக்குழந்தையோடு ஒரு அம்மா, "தம்பி, நீங்க தமிழ்தானே, ஒருக்கா சொல்லிப் பாருங்கோ" என்று என் சட்டைக் கையைப் பிடித்தார். சொல்லிப் பார்த்தேன். பட்டியலில் பெயர் இல்லை என்றுவிட்டார்கள்.

எங்கள் தரப்பில் 1,100 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். சென்னையில் இறங்கியபோது வரவேற்புக்கு முதல்வர் கலைஞர் வரவில்லை. ஈழத்தமிழரைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலை. அன்றைக்கு எங்களுக்கு அது வலித்தது. வல்வெட்டித்துறையில் 1989 ஆகஸ்டில் எங்கள் படையின் கையால் செத்த 60க்கும் மேற்பட்ட சனத்தின் குடும்பங்களை நினைத்தால், அவர் வந்திருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தம்பி, உங்கள் பக்கத்து வீட்டுப் பையனோடு பிடிபட்டுத் திரும்பாதவர்களின் ஊரும் வயதும் தெரிந்தவர்கள் இங்கே எழுதட்டும். எங்கள் பிரிவில் இருந்த சிலரோடு எனக்கு இன்னும் தொடர்பு இருக்கிறது, அந்த முகாம்கள் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டுச் சொல்கிறேன்.