50 வயதைத் தாண்டியவர்களும் புது மென்பொருளும்: வராதது திறனா, பயிற்சியா?

கேள்வி:
கணக்குப் பிரிவு புது மென்பொருளுக்கு மாறும்போது ஒரே நாளில் 2 மணி நேர டெமோ. மறுவாரம் தடுமாறுகிறவர் மூத்தவராக இருந்தால் ‘வயசாயிடுச்சு, இனி ஏறாது’ என்று ஓரங்கட்டுகிறார்கள். பதவி உயர்வும் நின்றுபோகிறது. இதில் திறன் குறைவு எவ்வளவு, பாகுபாடு எவ்வளவு? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில் 1:
வயதை விட்டுவிட்டு வேலையைச் சோதியுங்கள். அந்த நாற்காலியில் தினமும் நடக்கும் ஐந்தாறு வேலைகளை எழுதி, 25 வயதுக்காரர் உட்பட எல்லோருக்கும் ஒரே கோப்பைக் கொடுங்கள். யார் எந்த இடத்தில் நின்றார் என்று மட்டும் குறியுங்கள். போனில் விரல் பறக்கிறவர் எக்ஸெல்லில் திணறுவதும் தெரியவரும்.

எக்ஸெல்லில் விலுக்அப் (VLOOKUP, பட்டியலில் ஒன்றைத் தேடி அதற்குரிய விவரத்தை எடுத்துவரும் சூத்திரம்) போட்டு #என்/ஏ (#N/A, ‘கிடைக்கவில்லை’ என்ற பிழை) வந்தால், ஆளைக் குறை சொல்லுமுன் கட்டத்தைப் பாருங்கள். எண் இடப்பக்கம் ஒட்டி, மூலையில் சின்னப் பச்சை முக்கோணத்தோடு நிற்கிறதா? அது எண்ணாக இல்லை, எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது. வேறு மென்பொருளிலிருந்து இறக்கிய கோப்புகளில் அடிக்கடி வரும் கோளாறு. அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து டேட்டா, டெக்ஸ்ட் டு காலம்ஸ், ஃபினிஷ் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். சூத்திரத்தின் கடைசியில் ஃபால்ஸ் (FALSE, சரியாகப் பொருந்துவதை மட்டும் தேடச் சொல்வது) போட மறந்தால் அதைவிட ஆபத்து: பிழையே காட்டாமல் தப்பான தொகையைக் கொண்டுவந்து வைத்துவிடலாம். சொல்லித்தராவிட்டால் இது எந்த வயதுக்காரருக்கும் தெரியாது.

பதில் 2:
மேலே சொன்னதோடு கண்ணையும் கவனியுங்கள். வெள்ளெழுத்து 40களிலேயே தொடங்கிவிடும். விண்டோஸ் செட்டிங்ஸில் அக்ஸெஸிபிலிட்டி, டெக்ஸ்ட் சைஸ் போனால் எழுத்தை 225% வரை பெரிதாக்கலாம். ப்ரோக்ரெசிவ் கண்ணாடி (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி) போட்டவர் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் படிக்கத் தலையை அண்ணாந்து உட்கார்ந்திருப்பார். மானிட்டரைக் கொஞ்சம் தாழ்த்தினால் கழுத்து வலியும் குறையலாம், வேகமும் கூடலாம்.

2 மணி நேரத்தை 30 நிமிடங்களாக நான்கு நாளுக்குப் பிரியுங்கள். மவுஸ் கற்பவர் கையில்தான் இருக்க வேண்டும். ‘தள்ளுங்க, நான் செஞ்சு காட்டுறேன்’ என்று பிடுங்கினால் அன்றைய பாடம் போச்சு. முக்கியமாக, அசல் கணக்கில் பழக்காதீர்கள். ஒரு தப்பான பதிவு மாதக் கடைசியில் என்ன பாடு படுத்தும் என்று மூத்தவருக்குத் தெரியும், அதனால்தான் பட்டனை அழுத்தத் தயங்குகிறார். நகல் கணக்கு ஒன்றைக் கொடுத்தால் தயக்கம் குறையும்.

பதில் 3:
பாகுபாட்டைப் பயிற்சிப் பதிவேட்டிலேயே பிடிக்கலாம். யாரை அழைத்தார்கள், எத்தனை மணி நேரம் என்று வயதுவாரியாக அடுக்குங்கள். அழைக்காமலே ‘கற்கமாட்டார்’ என்றால் அது பாகுபாடுதான். மூத்த தொழிலாளர்களுக்குப் பயிற்சியில் சம வாய்ப்பு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1980இலேயே பரிந்துரைத்துவிட்டது (எண் 162). அமெரிக்காவில் 40 வயதிலிருந்தே பாதுகாப்புத் தரும் 1967 சட்டம் இருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தைத் தனியாகப் பாருங்கள்.

வேலை விளம்பரத்தில் ‘டிஜிட்டல் நேட்டிவ்’ (சின்ன வயதிலிருந்தே கணினி, இணையத்தோடு வளர்ந்தவர்) என்று போடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அது பிறந்த வருடத்தைக் கேட்கிறது. ‘பிவோட் டேபிள் (எக்ஸெல்லில் தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போடத் தெரிந்தவர்’ என்று எழுதினால் போதும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நகல் கணக்கு இதுவரை கொடுக்கவே இல்லை. அடுத்த பயிற்சியை அதில்தான் தொடங்குகிறோம்.