பெரியவர்களுக்கு எழுத்தும் தொழிலும்: கடலூர், புதுச்சேரிப் பக்கத்து அனுபவங்களைப் பகிருங்கள்

கெடிலக்கரை:

கடலூர் முதுநகர்ப் பக்கம் சில வருடங்களாக மாலை வகுப்பு எடுத்து வருகிறேன். அங்கே வருகிற யாரும் "படிக்கணும்" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒருவருக்கு, பேங்கில் பணம் எடுக்கிற சீட்டை அடுத்தவரிடம் நீட்டாமல் தானே நிரப்ப வேண்டும். இன்னொருவருக்கு, மருமகள் அனுப்புகிற மெசேஜைப் பேரனைக் கூப்பிடாமல் பார்க்க வேண்டும். அந்தத் தேவையைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால் ஆள் நிலைத்து வருகிறார். 'அ' வில் தொடங்கி வரிசையாகப் போனால் இரண்டாவது வாரம் பாய் காலியாகிவிடுகிறது.

மீன் விற்கிற அக்கா ஒருவர். விடியற்காலை துறைமுகத்தில் ஏலம் எடுத்து, கூடைக்கு என்ன விழுந்தது, கிலோவுக்கு என்ன வைத்தால் கட்டும் என்று நடந்துகொண்டே கணக்குப் போடுவார். எழுதிய எண்ணைக் காட்டினால் மட்டும் முகம் சுருங்கும். அவருக்குப் பாடப்புத்தகத்தைத் தரவில்லை, அவருடைய குழுக்கடன் அட்டையையே விரித்து வைத்தேன். தேதி எது, தவணை எது, பாக்கி எது என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு கட்டத்தில் நிறுத்தி, "இந்த வாரம் நான் கட்டினேனே, இங்க ஒண்ணும் எழுதலையே" என்றார். அடுத்த முறை வசூலுக்கு வந்தவரிடம் கேட்டு எழுத வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வராத நாள் மிகக் குறைவு.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். "எனக்கு மண்டையில ஏறாதும்மா" என்று சொல்கிற பலருக்கு இருப்பது வெறும் வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் கிட்டத்துப் பார்வை மங்கும். படிக்கிற பழக்கமே இல்லாதவருக்கு அது தெரியவே தெரியாது, தன் மூளையைத்தான் குறை சொல்லிக்கொள்வார். முதல் நாளே கண்ணைப் பரிசோதிக்க வைத்து, ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். பிறகு பலகையைத் தொடுங்கள்.

தொழில் பயிற்சிக்குப் போனவர்கள், அனுப்பியவர்கள் என்ன பார்த்தீர்கள்? எழுதுங்கள்.

முத்தியால்பேட்டை வாசி:

1990 வாக்கில் புதுவையில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது நான் கல்லூரி மாணவன். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகுதான் பெண்கள் வருவார்கள், அதனால் தெருவிளக்கு வெளிச்சத்தில் ராத்திரி வகுப்பு. கலைக்குழு வந்து ஆடிப் பாடினால் தெருவே திரளும். அந்த உற்சாகத்தை இன்றைக்கும் மதிக்கிறேன்.

ஆனால் அதற்குப் பிந்திய வருடங்களையும் பார்த்தவன் நான். இயக்கம் ஓய்ந்ததும் படித்ததைப் பயன்படுத்த இடமில்லாதவர்களுக்குக் கையெழுத்து மட்டும் மிச்சமாகி, மற்றதெல்லாம் மறந்துபோனது. மறக்காமல் இருந்தவர்கள் யார் என்றால், சீட்டுப் பிடித்தவர், மளிகைக் கடை வைத்தவர், மகளிர் குழுவில் கணக்கு எழுதியவர். எழுத்து அவர்களுடைய பிழைப்புக்குள் போய்விட்டது.

2020ல் புதுவையின் ஏ.எஃப்.டி. துணி மில்லை மூடினார்கள். தறியில் பல வருடக் கைப்பழக்கம் உள்ள ஒருவர், வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி என் வீட்டுக்கு வந்தார். நூல் அறுந்ததைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவர். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அந்த விண்ணப்பத்தில் தேடினேன், அப்படி ஒரு கட்டமே இல்லை.

பண்ருட்டிப் பக்கம்:

செங்கல் சூளையில் வேலை செய்யும் இருளர் பழங்குடிக் குடும்பங்களோடு எனக்குப் பழக்கம். மழை விட்டதும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு சூளைக்குப் போவார்கள், ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அறுத்த கல்லின் கணக்கு முதலாளி நோட்டில் மட்டும் இருக்கும். சீசன் முடிவில் அவர் சொல்வதுதான் கணக்கு. முன்பணம் கழியவில்லை என்றால் அடுத்த வருடமும் அங்கேதான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. கடன் கணக்கைக் கடன்பட்டவர் படிக்க முடியாத வரை அந்தச் சட்டம் சூளை வாசலில் நின்றுகொண்டுதான் இருக்கும்.

ஒரு தம்பதிக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: தேதி, கல் எண்ணிக்கை, செலவுக்கு வாங்கிய காசு. சின்ன நோட்டு, மூன்று பத்தி. அந்தப் பெண் ஒருநாள் விடாமல் எழுதினார். கணக்கு முடிக்கிற அன்றைக்கு இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்தோம். முதலாளி முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் பாதி வித்தியாசத்தை இறக்கிக்கொண்டார். அடுத்த சீசனில் வேறு குடும்பங்களும் நோட்டுக் கேட்டன.

காப்பக ஊழியர்:

வீடற்றோர் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். நகரத்தில் ஒரு லட்சம் பேருக்கு, குறைந்தது நூறு பேர் தங்கக் காப்பக இடம் வேண்டும் என்பது தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின் விதியாக இருந்தது. படுக்க இடம் என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, காப்பகம் ஒரு முகவரி. முகவரி இல்லாமல் ஆதார் இல்லை, ஆதார் இல்லாமல் இவர்களுக்குப் பேங்கில் கணக்கு கிடைப்பது கஷ்டம், இரண்டும் இல்லாமல் பயிற்சியில் பெயர் ஏறுவதும் கஷ்டம்.

பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஐயா ஒருவர், ஐம்பதை நெருங்கியவர். முதுகு போய்விட்டது. ஒரு பயிற்சி நிலையத்தில் எட்டாவது டி.சி. கேட்டார்கள். இன்னொரு இடத்தில் டி.சி. வேண்டாம், ஆனால் ஒரு மாதம் பகல் முழுக்க வகுப்பு. அன்றன்றைக்குச் சம்பாதித்தால்தான் சாப்பாடு என்பவர் ஒரு மாதம் எதைச் சாப்பிடுவார்? பயிற்சி இலவசம் என்று சொல்கிறவர்கள் அவர் இழக்கிற கூலியைக் கணக்கில் எடுப்பதே இல்லை. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

கடைசியில் ஒரு குடியிருப்பில் இரவு வாட்ச்மேன் வேலை இருந்தது. நிபந்தனை ஒன்றுதான், வருகிற வண்டியை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். காப்பகத்து வாசலிலேயே பாடம் நடந்தது. கடலூர் வண்டிக்கு டி.என். 31, புதுச்சேரிக்கு பி.ஒய். 01. முதலில் அந்த நான்கு ஆங்கில எழுத்துகள், பிறகு எண்கள், பிறகு நேரம். சாலையோரம் உட்கார்ந்து போகிற வண்டியையெல்லாம் சத்தமாகப் படிப்பார். இப்போது வேலையில் இருக்கிறார். தமிழில் தன் பெயரை எழுதக் கற்றது வேலைக்குச் சேர்ந்து வெகுநாள் கழித்து.

தையல்காரி:

நான் போன்ல பேசினா அதுவே டைப் ஆயிடுது, அப்புறம் நானே படிச்சுப் பாத்துத் திருத்திப் போடுறேன். நெல்லிக்குப்பம் எனக்கு. தையல் கிளாஸ்ல சேந்தப்ப மத்தவங்க அளவ நோட்டுல எழுதுவாங்க, நான் மனசுல வச்சிக்குவேன். ரெண்டு ஜாக்கெட் வந்தா சமாளிக்கலாம், தீபாவளி நேரத்துல முப்பது வந்தா எப்படி? டீச்சரம்மா டேப்ப குடுத்து, முழுக் கோடு, அரைக் கோடு, கால் கோடுன்னு அதுலயே எண்ணு சொல்லிக் குடுத்தாங்க. மார்பு, இடுப்பு, கை, கழுத்து, இதுதான் நான் மொதல்ல எழுதக் கத்துக்கிட்ட வார்த்தைங்க. இப்ப எல்லார் பேரும் போட்டு அளவு எழுதுறேன். லோன் கேக்கப் போனா எட்டாவது பாஸான்னு கேக்குறாங்க. எனக்கு நாப்பத்தி ரெண்டு வயசு. இனிமே எட்டாவது பரீட்சை எழுத முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கெடிலக்கரை:

தாராளமா எழுதலாம் அக்கா. பள்ளிக்கூடம் போகாதவங்க நேரா எழுதுற எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துது. பன்னிரண்டரை வயசு முடிஞ்சிருக்கணும்னுதான் விதி, நாப்பத்தி ரெண்டு ஒரு தடையே இல்ல. பள்ளிக்கூடத்துல நடக்கிற எழுத்தறிவுத் தேர்வு வேற. அது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துல 15 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு, வாசிப்பு, எழுத்து, கணக்கு மூணுக்கும் ஐம்பது ஐம்பதா 150 மார்க். அதுல தர்ற சான்றிதழ எட்டாவது பாஸுன்னு நினைச்சுக்கிட்டுப் போய் நிக்காதீங்க. ஆனா அத முதல்ல எழுதினா தேர்வு பயம் போயிடும். தனித்தேர்வுல அஞ்சு பாடம், உங்களுக்குக் கணக்கு சுலபமா வரும், இங்கிலீஷுக்குத்தான் ஆள் வேணும். நெல்லிக்குப்பம் பக்கம் சாயங்காலம் சொல்லிக் கொடுக்க முடிஞ்சவங்க யாராவது இருந்தா இங்கயே எழுதுங்க. கணக்குக்கு நான் வரேன்.