புதுப்பிப்பு: மழை ஊரிலிருந்து வறண்ட ஊருக்கு, மரச்சாமான் பகுதியில் ஒரு திருத்தம்

மழை ஓயாத, ஒதுக்குப்புறமான ஊரிலிருந்து வெயில் பகுதிக்கு வீடு மாறுவது பற்றிய முந்தைய குறிப்பில், மரச்சாமான்களை இறக்கியதும் ஒருநாள் வெயில் காட்டச் சொல்லியிருந்தேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக இருக்கும் இடத்தில், மரம் தன் உலர்ந்த எடையில் சுமார் 16 சதவீதம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஈரப்பதம் 30 சதவீதமான இடத்தில் அது 6 சதவீதம் வரை இறங்கும். இறங்கட்டும், மெதுவாக. வெயில் பட்டால் மேற்புறம் மட்டும் முதலில் சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். விரிசல் அங்கேதான் ஆரம்பம்.

மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலத்தில்தான். 60 செ.மீ. அகலமுள்ள மேசைப்பலகை 1 செ.மீ.க்கு மேல்கூடக் குறுகலாம். திருகுகள் அதற்கு இடம் தராவிட்டால் பலகை பிளக்கும். வண்டியில் ஏற்றும் முன்பே மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள். சட்டத்தில் திருகுத் துளை வட்டமாக இருந்தால், பலகையின் அகலவாக்கில் அதை நீள்துளையாக ராவி, வாஷர் போட்டு, திருகைக் கால் சுற்று தளர்த்துங்கள். பிளைவுட்டுக்கு இது தேவையில்லை.

மழைக்காலத்தில் இறுகிய இழுப்பறையை இழைத்துவிடாதீர்கள். புது ஊரில் அது தானாகத் தளரும், இழைத்திருந்தால் ஆடும்.

கிதாரை மட்டும் பெட்டிக்குள்ளேயே, 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள்.

புத்தகம், தோல்பையில் உள்ள பூஞ்சை வறட்சியில் சாகாது, வித்தாகக் காத்திருக்கும். கட்டும் முன்பே துடைத்து உலர்த்துங்கள்.