உப்புவெளியில் படகு ஓட்டுகிறவனுக்கு ஐபோன் எதற்கு?

உப்புவெளியான்
ஒன்பது வருடமாக அன்ட்ரொயிட்தான் பாவிக்கிறேன். திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் நாலு அறை வாடகைக்கு விடுகிறோம், சீசனில் புறாமலைத் தீவுக்குப் படகும் போகும். ரொறன்ரோவில் இருக்கிற அக்கா புது போன் வாங்கிவிட்டா. பழைய ஐபோன் 13ஐ டிசம்பரில் வருகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறாவாம். "இனியாவது ஒரு நல்ல போன் பாவி" என்று வேறு சொல்லிவிட்டா. மாறலாமா, விற்றுவிட்டுப் பேசாமல் இருக்கலாமா? மாறினவர்கள் சொல்லுங்கள். சண்டை பிடிக்காமல்.

கடலூரான்
விற்றுவிடுங்கள் அண்ணா, எஞ்சினுக்கு ஏதாவது செய்யலாம். நானும் கடலுக்குள் போகிறவன்தான். என்னுடைய 40,000 ரூபாய் போன் ரெண்டு தரம் வள்ளத்துக்குள் விழுந்து, ஒருதரம் திரை மாற்றி, இன்னும் ஓடுகிறது. ரெண்டு சிம், மெமரி கார்ட் நிறையப் பாட்டு. அப்பிள்காரன் 2007இல் முதல் ஐபோன் விட்டதிலிருந்து இன்றுவரை மெமரி கார்டுக்கு இடம் வைத்ததில்லை. ஊரில் பாதிப் பேர் கண்ணாடிக்கு முன்னால் நின்று படம் எடுக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். முதுகில் இருக்கிற அப்பிள் தெரியவேண்டுமே.

மூதூர்ப் பொடியன்
வந்துவிட்டார். அண்ணா, என்னுடையது ஐபோன் எக்ஸ்ஆர். 2018இல் வந்த மொடல், 2024இல் வந்த ஐஓஎஸ் 18 மென்பொருள் வரைக்கும் ஏறியது. உங்கள் போனுக்குக் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது?

கடலூரான்
அப்டேட்டைக் குழம்பு வைக்கவா தம்பி? சம்சுங் எஸ்24க்கும் கூகிள் பிக்சல் 8க்கும் 7 வருட அப்டேட் என்று அவர்களும்தான் அறிவித்திருக்கிறார்கள்.

மூதூர்ப் பொடியன்
உங்கள் கையில் இருப்பது எஸ்24ஆ?

கடலூரான்
கேள்வி கேட்டது உப்புவெளியான். என் போனை விடும்.

உப்புவெளியான்
இதைத்தான் சண்டை என்றேன். சரி, எனக்கு ஏன் ஆசை வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பந்தாவுக்கு இல்லை. போன கிழமை ஒரு குடும்பத்தைப் புறாமலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆமையோடு நீந்தினதை நான்தான் படம் எடுத்துக் கொடுத்தேன். கரைக்கு வரமுன்னமே "ஏர்ட்ராப் பண்ணு" என்று ஐந்து பேரும் போனை நீட்டினார்கள். ஐந்தும் ஐபோன். என்னுடையதைத் தூக்கிக் காட்டினேன், பாவம் என்பது போலப் பார்த்தார்கள். அங்கே சிக்னல் ஒரு கோடுதான். பிறகு வீட்டு வைஃபையில் வட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் மங்கிப்போய்க் கிடக்கிறது. படம் நன்றாகப் போனால் அவர்கள் நல்ல ரிவியூ போடுவார்கள். எனக்கு அது காசு.

மூதூர்ப் பொடியன்
இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்? ஏர்ட்ராப்புக்கு டேட்டாவே தேவையில்லை. புளூடூத்தில் ஆளைப் பிடித்து, ரெண்டு போனும் நேருக்கு நேர் வைஃபையில் அனுப்பும். நடுக்கடலிலும் வேலை செய்யும்.

கடலூரான்
ஒரு படம் அனுப்ப வீடு மாறச் சொல்கிறார். அண்ணா, வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டொகியுமென்ட் என்று அனுப்புங்கள், எடுத்தபடியே போகும். 2023இலிருந்து எச்டி என்று ஒரு தெரிவும் இருக்கிறது, அதுவும் முன்னையதை விட நல்லது. ஏர்ட்ராப் மாதிரி அன்ட்ரொயிட்டுக்குள்ளேயும் குயிக் ஷெயார் இருக்கிறது. உங்களிடம் வருகிற வெள்ளைக்காரர் எல்லாம் ஐபோன்காரர் என்றால் அது உங்கள் விதி.

அன்புவழிபுரம் ரீச்சர்
நான் இந்தப் பக்கம் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. நீங்கள் போனில் தமிழ் எழுதுகிறீர்களா தம்பி? நான் போன வருடம் மாறினேன், மகள் வாங்கித் தந்தா. பிள்ளைகளுக்கு வினாத்தாள் எல்லாம் போனிலேயே தட்டுகிறவள் நான். முதல் ரெண்டு கிழமை விரல் எல்லாம் தவறான எழுத்தில் போய் விழுந்தது, அழுகை வந்தது. பிறகுதான் தெரிந்தது, 2013இல் வந்த ஐஓஎஸ் 7இலிருந்தே தமிழ்99, அஞ்சல் என்று ரெண்டு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கிறதாம். இல்லாவிட்டால் முத்து நெடுமாறனின் செல்லினம் செயலி இருக்கிறது, ரெண்டு பக்கத்திலும் ஓடும். பழைய போனில் எதில் எழுதினேனோ அதையே புதிதிலும் போட்டுக்கொண்டேன், கை பழையபடி ஓடியது. போனை விட விசைப்பலகைதான் எனக்கு மாற்றக் கஷ்டம்.

கடலூரான்
ரீச்சர், பின்னால் போகிற பொத்தான் இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? மச்சானின் ஐபோனை வாங்கி ஒருதரம் பார்த்தேன். உள்ளே போனேன், வெளியே வரத் தெரியவில்லை.

அன்புவழிபுரம் ரீச்சர்
இடது ஓரத்திலிருந்து இழுக்க வேண்டும் தம்பி. அதற்கும் ரெண்டு கிழமை.

கிண்ணியா நானா
கடைக்காரன் பேசுகிறேன், நான் ரெண்டையும் திறக்கிறவன். கடலூரான் தம்பிக்கு முதல் பதில்: உப்புத் தண்ணிக்கு மார்க் தெரியாது. போன மாதம் ஒரு மீனவத் தம்பி "ஐபி68 நானா, தண்ணி போகாது" என்று ஒரு போனைத் தந்தார். சார்ஜ் போடுகிற துவாரத்துக்குள் விளக்கை அடித்துப் பார்த்தால் ஊசிமுனை எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. அந்த ஐபி68 சோதனை நல்ல தண்ணியில் செய்வது, கடலில் இல்லை. எந்தப் போன் என்றாலும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிடுங்கள்.

இனி உப்புவெளியான் தம்பிக்கு. வெளிநாட்டுப் போன் என்றால் கமராவைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். முதலில் *#06# அடித்து ஐஎம்இஐ இலக்கத்தை, அதாவது போனின் அடையாள இலக்கத்தை, எடுக்கச் சொல்லுங்கள். ஐஎம்இஐ என்று போட்டு, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று பதில் வரும். 2025 ஜனவரி கடைசியிலிருந்து புதிதாக வருகிற பதிவில்லாத போனுக்கு இங்கே சிம் வேலை செய்யாது என்றுதான் அறிவித்தார்கள். அதற்கு முன்னமே இங்கே ஓடிக்கொண்டிருந்தவைக்குப் பிரச்சினை இல்லை, உங்களுடையது இனித்தானே வரப்போகிறது. நெட்வேர்க் பூட்டைப் பற்றிப் பயம் வேண்டாம், கனடாவில் 2017 டிசம்பரிலிருந்து பூட்டி விற்கக்கூடாது.

அதைவிடப் பெரிய பூட்டு ஒன்று இருக்கிறது. அக்கா தன்னுடைய அப்பிள் ஐடியிலிருந்து வெளியேறி, தொலைந்த போனைத் தேடுகிற "ஃபைன்ட் மை"யை நிறுத்திவிட்டுத்தான் தரவேண்டும். செய்யாமல் வந்தால் அது கண்ணாடி பதித்த செங்கல். என்னுடைய மேசை லாச்சியில் அப்படி நாலு கிடக்கிறது, எல்லாம் பாசமாக அனுப்பினவை.

பிறகு வட்ஸ்அப். இதில்தான் ஆட்கள் அழுவார்கள். அன்ட்ரொயிட் பக்அப் கூகிளில் இருக்கும், ஐபோன் பக்அப் ஐகிளவுட்டில். ஒன்றை மற்றது படிக்காது. 2022இலிருந்து "மூவ் டு ஐஓஎஸ்" செயலி வழியாகக் கொண்டுபோகலாம், ஆனால் ஐபோன் புதிதாக, அல்லது முழுக்க அழித்து ரீசெட் பண்ணினதாக இருக்கவேண்டும். ரெண்டையும் சார்ஜரில் போட்டு, ஒரே வைஃபையில் வையுங்கள். அழைப்புப் பட்டியல் மட்டும் வராது.

மூதூர்ப் பொடியன்
நானா சொன்ன வரிசை முக்கியம். எனக்குப் புதுப் போன் கையில் வந்ததும் பொறுமை இல்லை, எல்லாம் செட் பண்ணி, கேம் எல்லாம் இறக்கிவிட்டுத்தான் பழைய செய்திகளைத் தேடினேன். எல்லாவற்றையும் அழித்துத் திரும்பத் தொடங்க வேண்டியதாகப் போனது. பிழை என்னுடையதுதான்.

கடலூரான்
பார்த்தீர்களா? ஒரு போனுக்கு இத்தனை சடங்கு. கலியாணத்துக்குக்கூட இவ்வளவு இல்லை. அண்ணா, சார்ஜரையும் யோசித்தீர்களா? உங்கள் வீட்டில் எல்லாம் சி கேபிள். ஐபோன் 15இலிருந்துதான், 2023இல், அவர்களும் சி கேபிளுக்கு வந்தார்கள். ஐரோப்பாவில் சட்டம் போட்டதால்தான் அது நடந்தது. 13க்குப் பழைய லைட்னிங்தான். ரெண்டாவது சிம்முக்கும் தட்டு இல்லை, அட்டை இல்லாத இ-சிம் எடுக்கவேண்டும்.

உப்புவெளியான்
கேபிள் பிரச்சினை இல்லை, வருகிறவர்கள் விட்டுவிட்டுப் போனதே ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. சிம்தான் இடிக்கிறது. ஒன்று வீட்டுக்கு, ஒன்று அறை கேட்டு வருகிற அழைப்புக்கு. சரி, ஒன்றை இ-சிம் ஆக்கலாம். வாடைக்காற்று தொடங்கினால் எப்படியும் படகு கரையில்தான். மாறுவதென்றால் அந்த நேரம் மாறி, அடுத்த சீசனுக்குள் கை பழகட்டும் என்று நினைக்கிறேன்.

கிண்ணியா நானா
அது நல்ல நேரம்தான். முதலில் அக்காவிடம் அந்த ஐடியைக் கேளுங்கள்.

உப்புவெளியான்
இப்போதுதான் கதைத்தேன். அங்கே விடிய நாலு மணி, நல்ல பேச்சு வாங்கினேன். ஐடி அக்காவுடையது இல்லையாம், மருமகன் தன்னுடையதைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அவனுக்குப் பாஸ்வேர்ட் மறந்துபோச்சாம்.

கிண்ணியா நானா
அப்படியென்றால் அது கனடாவை விட்டு வெளிக்கிடவே வேண்டாம். அங்கேயே வைத்து மீட்டு, வெளியேறி, அழித்த பிறகு அனுப்பட்டும். என் லாச்சியில் இடம் இல்லை.

மூதூர்ப் பொடியன்
டிசம்பருக்கு இன்னும் காலம் இருக்கிறது அண்ணா. மீட்க விண்ணப்பித்தால் சில நாளில் சரிவரலாம்.

கடலூரான்
நான் ஒன்றும் சொல்லவில்லை.

உப்புவெளியான்
சொல்லாமலே தெரிகிறது. நாளைக்குக் காலையில் ஜேர்மன்காரர் மூன்று பேர் வருகிறார்கள், படம் கேட்பார்கள். தம்பி கடலூரான், அந்த டொகியுமென்ட் என்று அனுப்புவது எந்த இடத்தில் இருக்கிறது? பேப்பர் கிளிப் மாதிரி இருக்கிறதே, அதையா அமர்த்த வேண்டும்?