மருந்து பலித்துவிட்டால் அரக்கன் கதை அதோடு முடிந்துவிடாதா?

பென்சில்முனை:
வணக்கம். ஒரு சூப்பர்ஹீரோ காமிக்ஸ் எழுதி வரைந்துகொண்டிருக்கிறேன், 40 பக்கம் வந்ததும் சிக்கிக்கொண்டேன். ஒரு ஆய்வுக்கூடத்தில் மூன்று விஞ்ஞானிகள். அதில் ஒருத்தி தான் தயாரித்த சீரத்தைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு ராத்திரியானால் வேறு ஒன்றாக மாறிவிடுகிறாள் (செதில், வால், எட்டடி உயரம், வழக்கமான சமாச்சாரம்தான்). மற்ற இருவரும் அவளைப் பழையபடி ஆக்க மருந்து தேடுகிறார்கள். மருந்து பலித்தால் கதை அங்கேயே முடிந்துபோகிறது. பலிக்காமலே போய்க்கொண்டிருந்தால் படிப்பவருக்குச் சலித்துவிடும். என் தம்பி இரண்டாவது முயற்சியின்போதே "இதுவும் ஊத்திக்கும்" என்று சொல்லிவிட்டான், சரியாகத்தான் சொன்னான். பேனர் என்ற விஞ்ஞானி அரக்கனாக மாறும் ஹல்க் கதை 1962-லிருந்து ஓடுகிறதே, அவர்களெல்லாம் எப்படித்தான் சமாளித்தார்கள்?

பழைய_இதழ்:
உங்கள் கேள்வியிலேயே ஒரு தப்பு இருக்கிறது நண்பரே. பழைய காமிக்ஸில் மருந்து பெரும்பாலும் பலிக்கத்தான் செய்யும். ஸ்பைடர்மேனின் 6-வது இதழ், 1963. போரில் கையை இழந்த டாக்டர் கர்ட் கானர்ஸ், கை திரும்ப வளர வேண்டும் என்று ஊர்வனவற்றை ஆராய்ந்து ஒரு சீரம் தயாரித்துக் குடிக்கிறார், கை வளர்கிறது, கூடவே மொத்த ஆளும் பல்லியாகிவிடுகிறார். ஸ்பைடர்மேன் கானர்ஸின் குறிப்புகளையே வைத்து மாற்று மருந்து தயாரித்து அதே இதழில் அவரைக் குணப்படுத்திவிடுகிறான். அந்தப் பல்லி பிறகு எத்தனையோ முறை திரும்பி வந்தது, அது வேறு விஷயம். அதாவது மருந்து கிடைக்குமா என்பதல்ல, எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் அங்கே கதை.

இன்னொன்று 1970-ல் பேட்மேன் கதையில் வந்த மேன்-பேட். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. கர்க் லாங்ஸ்ட்ராம் என்ற விஞ்ஞானி வௌவாலின் சக்தி வேண்டும் என்று மருந்து சாப்பிட்டு வௌவாலாகவே மாறுகிறார். பேட்மேன் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு துரத்துகிறான், நோயாளி தப்பித்து ஓடுகிறார்! போதாக்குறைக்கு அவர் கட்டிக்கொள்ளப்போகும் ஃபிரான்சின் தானும் அதே சீரத்தை எடுத்துக்கொண்டு அதே உருவத்தில் கல்யாணத்துக்கு வந்து நிற்கிறாள். அங்கே மருந்து ஏற்கெனவே தயார். வேண்டாம் என்பவர்களுக்கு அதை எப்படிக் கொடுப்பது என்பதுதான் பாடு. உங்கள் நாயகிக்கு மருந்து வேண்டுமா என்று யாராவது கேட்டார்களா?

தவளைக்கால்:
கானர்ஸ் விஷயத்தில் ஒரு சின்னக் குறை, பல வருடமாக மனதில் உறுத்துகிறது. பல்லிக்கு வால்தான் திரும்ப வளரும், போன காலை அது முழுசாக முளைக்க வைப்பதில்லை. அந்த வாலும் அசல் வால் இல்லை, உள்ளே முள்ளெலும்புகளுக்குப் பதிலாகக் குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கும். காலை எலும்போடும் தசையோடும் திரும்ப வளர்த்துக்கொள்வது சாலமாண்டர். ஆக அந்த மனிதர் தப்பான பிராணியைப் பிடித்துவிட்டார். சரி, பல்லி என்றால்தான் படத்தில் பயமாக இருக்கும், சாலமாண்டர் முகத்தைப் பார்த்தால் சிரிப்புதான் வரும், அதனால் மன்னித்துவிடலாம்.

உங்கள் கதைக்கு வருகிறேன். காமிக்ஸில் எல்லோரும் இதை விஷக்கடி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள், ஊசி போட்டால் இறங்கிவிடும் என்று. உடம்பு ஒன்றைக் கட்டி முடித்துவிட்டால் காரணத்தை எடுத்துவிட்டாலும் கட்டியது அப்படியே நிற்கும். அக்ரோமெகலி என்று ஒரு நோய். பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்து வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும், கை, கால், தாடை எல்லாம் பெரிதாகிக்கொண்டே போகும். கட்டியை எடுத்து ஹார்மோனை அடக்கினால் சதை வீக்கம் ஓரளவு வடியும், ஆனால் வளர்ந்த எலும்பு பழையபடி சுருங்காது. உங்கள் விஞ்ஞானிகளின் மருந்தும் அப்படிப் பலிக்கட்டுமே. ராத்திரி மாற்றம் நின்றுவிடுகிறது, அதுவரை வந்தது மட்டும் போகவில்லை. மருந்து தோற்றது என்று சொல்ல முடியாது, ஜெயித்தது என்றும் சொல்ல முடியாது. உங்கள் தம்பியால் இதை ஊகிக்க முடிகிறதா பார்ப்போம்.

அப்புறம், எட்டடிக்கு வளர அந்த எடை எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்காதீர்கள். ஹல்கைப் பார்த்து நானும் கேட்பதில்லை.

கோவக்காரி:
மேலே இருவரும் மருந்தையே பேசுகிறீர்கள். மருந்து தயாரிப்பவனைப் பற்றி யாரும் பேசவில்லை. ஃபென்டாஸ்டிக் ஃபோர் காமிக்ஸில் பென் கிரிம் கல் உடம்பாகிப்போனதற்கு அவர் நண்பரான விஞ்ஞானி ரீட் ரிச்சர்ட்ஸ்தான் காரணம். விண்கலத்தில் கதிர்வீச்சுக்குப் போதுமான பாதுகாப்பு இல்லை, பென் எச்சரித்தும் கிளம்பினார்கள். அதன்பிறகு ரீட் தேடும் ஒவ்வொரு மருந்திலும் பாதி குற்ற உணர்ச்சிதான். ஜான் பைர்ன் 1980-களில் எழுதியபோது இன்னும் ஒரு படி போனார். பார்வையில்லாத அலிசியா காதலிப்பது இந்தக் கல் மனிதனைத்தான், மனிதனாகிவிட்டால் விட்டுப் போய்விடுவாளோ என்ற பயத்தில் பென்னின் மனமே மருந்தைத் தடுக்கிறது என்று ரீட் கண்டுபிடிக்கிறார். கண்டுபிடித்துவிட்டு பென்னிடம் சொல்லவும் மாட்டார். அந்த இடத்தில் எனக்கு ரீட் மேல் வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை, இத்தனைக்கும் அவர் செய்தது சரியோ என்னவோ.

ஹல்கிலும் 1991-ல் எழுத்தாளர் பீட்டர் டேவிட் செய்தது இதுதான், சிக்கல் மனதில் இருக்கிறது என்று காட்டினார். ரசாயனமே இல்லை, மனநல மருத்துவரான டாக் சாம்சன் ஹிப்னாடிசம் மூலம், சின்ன வயதில் அப்பாவிடம் பட்ட கொடுமையால் ஒரே மனதுக்குள் பிரிந்து கிடந்த பேனரையும் பச்சை ஹல்கையும் சாம்பல் ஹல்கையும் ஒன்றாகச் சேர்க்கிறார். ஆனால் ஒரு எச்சரிக்கை. எல்லா அரக்கனுக்கும் ஒரு கொடுமைக்கார அப்பாவை வைத்துவிடாதீர்கள், பேனருக்கு அது பொருந்தியது, இப்போது ஆளாளுக்கு அதையே செய்கிறார்கள். உங்கள் மூவரில் யார் அவளை ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னது? அல்லது யார் தடுக்காமல் இருந்தது? எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

பென்சில்முனை:
எல்லோருக்கும் நன்றி. கோவக்காரி கேட்டதற்கு என்னிடம் பதிலே இல்லை, அதை யோசித்துப் பார்த்ததும் முதல் 10 பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது என்று புரிந்துவிட்டது. இரண்டு பேரில் ஒருவனுக்கு அவள் ஊசி போடப்போவது முன்பே தெரியும் என்று வைக்கப்போகிறேன். ஆய்வின் முடிவு அவனுக்கும் வேண்டியிருந்தது, அதனால் வாயைத் திறக்கவில்லை. மருந்து 44-ஆம் பக்கத்தில் பலித்துவிடும், தவளைக்கால் சொன்ன மாதிரி செதில் மட்டும் தங்கிவிடும்.

வாலை எடுத்துவிடுவதா வேண்டாமா என்றுதான் இன்னும் முடிவாகவில்லை. நியாயமாகப் பார்த்தால் போக வேண்டியதுதான். ஆனால் அதை வரையப் பழகவே எனக்கு மூன்று மாதம் பிடித்தது, மனசு வரவில்லை.